எஸ்.எஸ்.எச். கேட்கும் முதற் கேள்வி: வன்னியிலிருந்து தொலைவுக் கணினிகளை இயக்குவோருக்கான விளக்கம்

கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் படிக்கும் மாணவர்களும், வவுனியாப் பல்கலைக்கழகத்தில் கணினி பயில்வோரும், மல்லாவியிலோ புதுக்குடியிருப்பிலோ வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டு நிறுவனங்களுக்கு இணையத்தளம் பராமரித்துக் கொடுக்கும் இளைஞர்களும் ஏதோ ஒரு கட்டத்தில் எஸ்.எஸ்.எச். என்ற கருவியிடம் வந்து சேருகிறார்கள். கட்டளை வரியில் ஒரே ஒரு வரி எழுதி, தொலைவில் இருக்கும் கணினியை இயக்குவதற்கான கருவி அது. சிங்கப்பூரிலோ மும்பையிலோ வாடகைக்கு எடுத்த சேர்வரில் மென்பொருள் நிறுவுவது, பழுதான தரவுத்தளத்தைத் திருத்துவது, இரவில் தானாக ஓட வேண்டிய காப்புப் பிரதியை ஒழுங்குபடுத்துவது ஆகிய அனைத்தும் இதன் வழியாகவே நடக்கின்றன. இதைப் பற்றிப் பெரும்பாலானோர் அறிந்து வைத்திருப்பது, ‘இதில் போவதெல்லாம் மறைகுறியாக்கப்படும், ஆகவே பாதுகாப்பானது’ என்பது மட்டுமே. அது பொய்யல்ல, ஆனால் விடயத்தின் பெரும் பகுதியை விட்டுவிடுகிறது. யாருடன் பேசுகிறோம் என்பது தெரியாதபோது இரகசியமாகப் பேசுவதால் ஒரு பயனும் இல்லை. இணைப்பின் இரு முனைகளிலும் இருப்பவர்கள் தாங்கள் யார் என்பதை ஒருவருக்கொருவர் மெய்ப்பித்துக்கொள்ளும் முறையிலேயே எஸ்.எஸ்.எச்சின் உண்மையான பலம் தங்கியிருக்கிறது. அந்த மெய்ப்பிப்பில் ஒரு பங்கு இயந்திரத்திடம் இல்லை, பயன்படுத்துபவரின் கையில் விடப்பட்டிருக்கிறது. அந்தப் பங்கைத்தான் நம்மில் பலர் யோசிக்காமல் தட்டிக் கழிக்கிறோம்.

கிளிநொச்சியில் ஒருவர் தட்டும் ஓர் எழுத்து சிங்கப்பூரிலுள்ள சேர்வரை அடைவதற்கு முன் எத்தனை கைகளைக் கடக்கிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். வீட்டு வைபை றவுட்டர், அருகிலுள்ள கைபேசிக் கோபுரம், தொலைத்தொடர்பு நிறுவனத்தின் உள்வலையமைப்பு, தெற்கே கடற்கரைக்குச் செல்லும் கண்ணாடியிழைத் தடம், அதன்பின் மாத்தறையில் கரையேறும் சீ-மீ-வீ 5 போன்ற ஒரு கடலடி வடம், அப்பால் வேறொரு நாட்டின் வலையமைப்புகள் என்று அது செல்கிறது. இவற்றில் எந்த இடத்தில் இருப்பவரும், விரும்பினால், கடந்து செல்லும் தரவைப் பிரதியெடுக்கலாம். எஸ்.எஸ்.எச்சுக்கு முன்பு வழக்கில் இருந்த டெல்நெட், ஆர்லொகின் போன்ற கருவிகள் கடவுச்சொல்லைக்கூட எழுதியது எழுதியபடியே அனுப்பின. 1995 இல் பின்லாந்தின் ஹெல்சிங்கித் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் ஒருவர் ஒட்டுக்கேட்கும் மென்பொருளை வைத்துப் பெருந்தொகையான கடவுச்சொற்களைத் திரட்டிவிட்டார். அங்கு ஆய்வாளராக இருந்த தாட்டு யிலோனன், அந்த நிகழ்வுக்குப் பின்னரே எஸ்.எஸ்.எச்சின் முதற் பதிப்பை எழுதி, அதே ஆண்டு யூலையில் இலவசமாக வெளியிட்டார். அதற்கு ஒதுக்கப்பட்ட போர்ட் இலக்கம், அதாவது ஒரு கணினிக்கு வரும் இணைப்பு எந்தச் சேவைக்கு உரியது என்று காட்டும் எண், 22. கோப்புப் பரிமாற்றத்துக்கான எப்.ரி.பி. 21 இலும் டெல்நெட் 23 இலும் இருக்க, அவ்விரண்டினதும் இடத்தைப் பிடிக்க வந்த கருவிக்கு இடையிலிருந்த இலக்கமே கிடைத்தது.

இன்று நாம் பயன்படுத்துவது அநேகமாக யிலோனனின் நேரடி மென்பொருள் அல்ல. அவருடைய பிந்திய பதிப்புகளின் உரிமம் இறுகியபோது, ஓபன்பிஎஸ்டி குழுவினர் முன்னைய கட்டற்ற பதிப்பொன்றிலிருந்து ஓபன்எஸ்எஸ்எச்சை உருவாக்கி, 1999 டிசம்பரில் தம் இயங்குதளத்தோடு சேர்த்து வெளியிட்டனர். லினக்ஸ், மேக் ஆகியவற்றில் இருப்பது அதுதான். விண்டோஸ் 10 இலும் 2018 முதல் அதுவே உடன் வருகிறது. ஆகவே புதிய மடிக்கணினி வைத்திருப்பவர் பட்டி என்ற தனி மென்பொருளைத் தேடித் தரவிறக்க வேண்டிய தேவை இப்போது இல்லை. அன்ட்ரொயிட் கைபேசி மட்டுமே வைத்திருப்பவரும் டெர்மக்ஸ் என்ற செயலிக்குள் அதே ஓபன்எஸ்எஸ்எச்சை நிறுவிக்கொள்ளலாம். வன்னியில் மடிக்கணினி வாங்கும் வசதி இன்னும் எல்லா வீடுகளுக்கும் வந்துவிடாததால், இந்த வழியை நான் முக்கியமானதாகவே கருதுகிறேன்.

இனி, இணைப்பு ஏற்படும் கணத்தில் என்ன நடக்கிறது என்பதைப் பார்ப்போம். ‘எஸ்எஸ்எச்’ என்று எழுதி, ஓர் இடைவெளி விட்டு, பயனர் பெயரையும் அதையடுத்து ‘@’ குறியையும் சேர்வரின் முகவரியையும் எழுதி என்டரை அழுத்தியவுடன், இரு கணினிகளும் முதலில் தாம் எந்தப் பதிப்பைப் பேசுகின்றன என்பதை வெளிப்படையாகவே அறிவித்துக்கொள்கின்றன. பிறகு, எந்தெந்தக் கணித முறைகள் தமக்குத் தெரியும் என்ற பட்டியல்களைப் பரிமாறி, இருவருக்கும் பொதுவானதைத் தெரிவு செய்கின்றன. அதன்பின் நடப்பது திறவுகோல் ஒப்பந்தம். விட்ஃபீல்ட் டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் ஆகிய இருவரும் 1976 இல் வெளியிட்ட கருத்தின் வழிவந்தது இது. இரு தரப்பும் தத்தமக்குள் ஓர் இரகசிய எண்ணை உருவாக்கி வைத்துக்கொண்டு, அதிலிருந்து கணித்த வேறோர் எண்ணை மட்டும் வெளியே அனுப்புகின்றன. அனுப்பப்பட்ட இரண்டு எண்களையும் வழியில் நின்று பார்த்தவரால் எதையும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் இரு முனைகளிலும் இருப்பவர்கள், தம்மிடமுள்ள இரகசியத்தையும் மற்றவர் அனுப்பியதையும் சேர்த்து, ஒரே பொது இரகசியத்தை வந்தடைகிறார்கள். அந்த இரகசியத்திலிருந்து பிறக்கும் திறவுகோல்களால்தான் அதன்பின் செல்லும் ஒவ்வோர் எழுத்தும் மறைக்கப்படுகிறது. இணைப்பு முடிந்ததும் அவை அழிக்கப்படுவதால், ஒட்டுக்கேட்டுச் சேமித்து வைத்தவர் பிற்காலத்தில் சேர்வரையே கைப்பற்றினாலும் பழைய உரையாடலைத் திறக்க முடியாது. எதிர்காலத்தில் குவாண்டம் கணினிகள் இந்தக் கணக்கை உடைத்துவிடக்கூடும் என்ற அச்சத்துக்கும் விடை தேடப்பட்டிருக்கிறது: 2022 இல் வந்த ஓபன்எஸ்எஸ்எச் 9.0 பதிப்பிலிருந்து, குவாண்டம் தாக்குதலையும் தாங்கும் நோக்கில் அமைந்த ஒரு முறை பழைய முறையோடு இணைத்தே இயல்பாகப் பயன்படுத்தப்படுகிறது.

இத்தனை அழகான கணிதத்திலும் ஓர் ஓட்டை இருக்கிறது. எண்ணைப் பரிமாறிக்கொண்ட மறுமுனை, நாம் நினைத்த சேர்வர்தானா என்பதை அந்தக் கணிதம் சொல்வதில்லை. நடுவில் நின்ற ஒருவர் நம்மோடு ஓர் ஒப்பந்தத்தையும் சேர்வரோடு வேறோர் ஒப்பந்தத்தையும் செய்துகொண்டால், இரு பக்கத்து மறைப்பும் பிசகின்றி நடக்கும். அவர் மட்டும் எல்லாவற்றையும் வாசித்துக்கொண்டிருப்பார். இதைத் தடுப்பதற்காக ஒவ்வொரு சேர்வரும் தனக்கென நிரந்தரமான ஒரு திறவுகோல் இணையை வைத்திருக்கிறது: தன்னிடமே இரகசியமாக வைக்கும் தனித் திறவுகோல் ஒன்று, எவருக்கும் காட்டக்கூடிய பொதுத் திறவுகோல் மற்றொன்று. நடந்து முடிந்த பரிமாற்றத்தின் மேல் அந்தத் தனித் திறவுகோலால் சேர்வர் கையொப்பமிடுகிறது. நம் பக்கத்து மென்பொருள் பொதுத் திறவுகோலைக் கொண்டு அந்தக் கையொப்பத்தைச் சரிபார்க்கிறது. ஆனால் அந்தப் பொதுத் திறவுகோல் உண்மையிலேயே அந்தச் சேர்வருக்குரியதுதான் என்பது நம் கணினிக்கு எப்படித் தெரியும்? முதற் தடவை தெரியாது. ஆகவே அது நம்மிடம் கேட்கிறது.

அந்தக் கேள்வியைப் பார்க்காத எஸ்.எஸ்.எச். பயனர் இருக்க முடியாது. ‘இந்தக் கணினியின் உண்மைத்தன்மையை உறுதிப்படுத்த முடியவில்லை. இதன் ஈடி25519 வகைத் திறவுகோலின் கைரேகை இது. தொடர விரும்புகிறீர்களா?’ என்று ஆங்கிலத்தில் அது கேட்கும். கைரேகை என்பது அந்தப் பொதுத் திறவுகோலிலிருந்து கணித்தெடுத்த, ‘ஷா256’ என்ற சொல்லுக்கும் ஒரு முக்காற்புள்ளிக்கும் பிறகு வரும் 43 எழுத்துகளும் இலக்கங்களும் கலந்த ஒரு தொடர். அதற்கு விடையாக ‘யெஸ்’ என்று எழுதினால் போதும். அநேகமாக எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள்; வகுப்புகளிலும் ‘கேட்டால் யெஸ் போடுங்கள்’ என்றே சொல்லிக் கொடுக்கப்படுகிறது. இது மிகவும் தவறான பயிற்சி என்பது என் உறுதியான கருத்து. ஏனென்றால் எஸ்.எஸ்.எச். முழுவதிலும் கணிதத்தால் செய்ய முடியாமல் மனிதரிடம் ஒப்படைக்கப்பட்ட வேலை இது ஒன்றுதான். இந்த ஒரு தடவை கொடுக்கும் விடை, ‘நோன் ஹோஸ்ட்ஸ்’ என்ற கோப்பில் ஒரு வரியாகப் பதிந்து, இனி வரும் எல்லா இணைப்புகளுக்கும் அடிப்படையாகிவிடும். முதல் நாளில் போலிச் சேர்வருக்கு ‘யெஸ்’ சொன்னவருக்கு, மறுநாள் முதல் அந்தப் போலியே மெய்யாகத் தெரியும். மெய்யான சேர்வர் எதிர்ப்பட்டால்தான் எச்சரிக்கை வரும்.

சரிபார்ப்பது கடினமான காரியம் அல்ல. சேர்வரை வாடகைக்குத் தரும் நிறுவனங்கள் பெரும்பாலும் தம் இணையத்தளத்தில், உலாவி வழியாகவே சேர்வரின் திரையைக் காட்டும் ஒரு கொன்சோல் வசதியைத் தருகின்றன. அதற்குள் நுழைந்து, ‘எஸ்எஸ்எச்-கீஜென்’ என்ற கட்டளையை ‘-எல்’, ‘-எஃப்’ ஆகிய தெரிவுகளோடு கொடுத்து, சேர்வரின் பொதுத் திறவுகோல் கோப்பின் பெயரையும் சேர்த்து எழுதினால், அதன் கைரேகை திரையில் வரும். அதைப் பிரதியெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். 2019 இல் வந்த ஓபன்எஸ்எஸ்எச் 8.0 முதல், அந்தக் கேள்விக்கு ‘யெஸ்’ என்பதற்குப் பதிலாகக் கைரேகையையே ஒட்டலாம். அப்போது மென்பொருளே இரண்டையும் ஒப்பிட்டு, ஒன்றாக இருந்தால் மட்டும் தொடரும். 43 எழுத்துகளைக் கண்ணால் ஒப்பிடும்போது முதல் நான்கையும் கடைசி நான்கையும் மட்டும் பார்த்துவிட்டுத் திருப்தியடைவது மனித இயல்பு. ஆகவே ஒட்டும் முறையே மேலானது. சேர்வர் வேறொருவருடையதாக இருந்தால், அதை நடத்துபவரிடம் தொலைபேசியிலோ நேரிலோ கைரேகையைக் கேட்டுப் பெறலாம். பயனர் பெயர் வந்த அதே மின்னஞ்சலில் கைரேகையையும் அனுப்பச் சொல்வது அவ்வளவு பயன் தராது, மின்னஞ்சலை மாற்றக்கூடியவர் இரண்டையும் மாற்றிவிடுவார்.

வேறொரு நாளில், பழகிய சேர்வருக்கே இணைய முயலும்போது, அட்-குறிகளால் பெட்டி கட்டிய பெரிய எச்சரிக்கை ஒன்று வரக்கூடும்: தொலைவுக் கணினியின் அடையாளம் மாறிவிட்டது, யாரோ மோசமான காரியம் செய்துகொண்டிருக்கலாம் என்று அது சொல்லும். பெரும்பாலான தடவைகளில் காரணம் சாதாரணமானது. சேர்வரில் இயங்குதளத்தை மீள நிறுவியிருப்பார்கள். அல்லது பழைய சேர்வரை நிறுத்திய பின் அதே இணைய முகவரி புதிய சேர்வர் ஒன்றுக்குக் கிடைத்திருக்கும். ஆனால் ‘பெரும்பாலும் சாதாரணமானது’ என்பதைக் காரணமாகக் கொண்டு பழைய வரியை உடனே நீக்கிவிட்டுத் தொடர்வது, எச்சரிக்கை என்ற ஏற்பாட்டையே பயனற்றதாக்கிவிடும். என்ன மாறியது என்று தெரிந்த பிறகே ‘எஸ்எஸ்எச்-கீஜென்’ கட்டளையைப் பெரிய ‘ஆர்’ தெரிவோடு கொடுத்து அந்த வரியை நீக்க வேண்டும். தெரியாவிட்டால், தெரிந்தவரிடம் கேட்கும் வரை இணையாமல் இருக்க வேண்டும். வாடிக்கையாளர் காத்திருக்கிறார் என்ற அவசரம் இந்த இடத்தில் நல்ல ஆலோசகன் அல்ல.

சேர்வர் தன்னை மெய்ப்பித்த பின்னரே நம் முறை வருகிறது. கடவுச்சொல்லால் நுழைவதானால், அது மறைக்கப்பட்ட பாதைக்குள்ளேதான் செல்லும். ஆனால் மறுமுனையில் இருக்கும் சேர்வர் அதைத் திறந்து வாசித்தே சரிபார்க்கிறது. ஆகவே மறுமுனை போலியானதாக இருந்தால் கடவுச்சொல் அப்படியே அதன் கைக்குப் போய்விடும். திறவுகோல் முறை வேறு விதமானது. வங்கியில் கணக்குத் திறக்கும்போது கையொப்ப மாதிரியைக் கொடுத்துவிட்டு வருவதைப் போல, நம் பொதுத் திறவுகோலை முன்கூட்டியே சேர்வரில் ‘ஓதரைஸ்ட் கீஸ்’ என்ற கோப்பில் பதிந்து வைக்கிறோம். நுழையும்போது நம் கணினி தனித் திறவுகோலால் ஒரு கையொப்பத்தைப் போட்டு அனுப்புகிறது. தனித் திறவுகோல் நம் கணினியை விட்டு வெளியே போவதில்லை. அந்தக் கையொப்பம் அந்த ஓர் இணைப்புக்கே உரிய அடையாளத்தின் மேல் இடப்படுவதால், போலிச் சேர்வர் அதை எடுத்து மெய்யான சேர்வரிடம் காட்டி உள்ளே நுழைய முடியாது. கடவுச்சொல்லை விட்டுத் திறவுகோலுக்கு மாற வேண்டியதற்கு இதைவிட வலுவான காரணம் எனக்குத் தெரியவில்லை. இருந்தாலும் போலிச் சேர்வர் நம்மை ஒரு போலித் திரைக்குள் ஏற்று, அங்கு நாம் தட்டும் நிர்வாகிக் கடவுச்சொல்லை வாங்கிக்கொள்ள முடியும் என்பதையும் மறக்கக் கூடாது. முதற் கேள்விக்கு ஒழுங்காக விடை சொல்லாமல் திறவுகோல் மட்டும் நம்மை முழுதாகக் காக்காது.

திறவுகோல் இணையை உருவாக்குவதும் அதே ‘எஸ்எஸ்எச்-கீஜென்’ கட்டளைதான். 2023 இல் வந்த 9.5 பதிப்பு முதல் அது இயல்பாகவே ஈடி25519 வகைத் திறவுகோலை உருவாக்குகிறது. பழைய பதிப்பு வைத்திருப்பவர் ‘-டி’ (t) தெரிவோடு அந்த வகையின் பெயரை எழுதிக் கேட்கலாம். கட்டளை ஒரு கடவுத்தொடரை, அதாவது தனித் திறவுகோல் கோப்பையே பூட்டிவைக்கும் கடவுச்சொல்லை, கேட்கும்போது பலர் வெறுமனே என்டரை அழுத்திவிட்டுப் போகிறார்கள். தனி அறையில் பூட்டிய மேசைக் கணினிக்கு அது ஓரளவு பொருந்தலாம். ஒரு மடிக்கணினியை அண்ணனும் தங்கையும் பகிரும் வீட்டுக்கும், பயிற்சி நிலையத்தின் பொதுக் கணினிக்கும் அது பொருந்தாது. கடவுத்தொடர் இல்லாத தனித் திறவுகோல், அந்தக் கோப்பைப் பிரதியெடுக்கும் எவருக்கும் சேர்வரின் கதவைத் திறந்துவிடும். யூஎஸ்பி குச்சியில் அதைக் கொண்டு செல்ல ஒரு வினாடி போதும். பொதுக் கணினியில் தனித் திறவுகோலை வைக்கவே கூடாது என்பதுதான் சரியான விதி. கைபேசியிலுள்ள டெர்மக்ஸில் கடவுத்தொடரோடு ஒரு திறவுகோலை உருவாக்கி வைத்திருப்பது, பொதுக் கணினியைவிட எவ்வளவோ நல்லது. ஒவ்வொரு தடவையும் கடவுத்தொடரைத் தட்டுவது சிரமமாக இருந்தால், ‘எஸ்எஸ்எச்-ஏஜென்ட்’ என்ற துணை நிரல், ஒரு தடவை திறந்த திறவுகோலைக் கணினியின் நினைவகத்தில் வைத்திருக்கும். அந்த ஏஜென்டைத் தொலைவுச் சேர்வருக்கும் நீட்டிக் கொடுக்கும் வசதி உண்டு. அதை நான் பரிந்துரைப்பதில்லை: அந்தச் சேர்வரில் நிர்வாகி அதிகாரம் உள்ள எவரும், இணைப்பு இருக்கும் வரை, நம் பெயரில் வேறு சேர்வர்களுக்குள் நுழைய அது இடம் கொடுக்கும்.

திறவுகோல் உண்மையிலேயே எதிர்வுகூற முடியாததாக இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு வரலாற்றுச் சான்றைச் சொல்லலாம். டெபியன் லினக்ஸில் 2006 இல் செய்த ஒரு சிறு திருத்தம், எழுமாறான எண்களை உருவாக்கும் பகுதியைக் கெடுத்துவிட்டது. அதன் விளைவாக, ஒவ்வொரு வகையிலும் அளவிலும் உருவாகக்கூடிய திறவுகோல்களின் எண்ணிக்கை 32,768 ஆகச் சுருங்கியது. அத்தனையையும் ஒருவர் முன்கூட்டியே உருவாக்கி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக முயன்று பார்க்கலாம். இது 2008 மே மாதத்தில் வெளிச்சத்துக்கு வரும் வரை, உபுண்டு உட்பட அந்தக் குடும்பத்தில், இந்தத் திருத்தம் இடம்பெற்ற பதிப்புகளில் உருவான எஸ்.எஸ்.எச். திறவுகோல்கள் இந்தக் குறையோடுதான் இருந்தன. பழுதைத் திருத்திய பின்னரும், ஏற்கெனவே சேர்வர்களில் பதிந்திருந்த பலவீனமான திறவுகோல்களை ஒவ்வொன்றாகத் தேடி அகற்ற வேண்டியிருந்தது.

இணைப்பின் பாதுகாப்பு ஒரு பக்கம் இருக்க, வன்னியில் இணைப்பு நிலைத்து நிற்பதே ஒரு தனிப் பிரச்சினை. 2009 இல் போர் முடிந்து மக்கள் மீளக்குடியேறிய ஊர்கள் பலவற்றுக்கு இணையம் வந்தது கைபேசிக் கோபுரங்கள் வழியாகத்தான். ஒட்டுசுட்டானுக்கும் மாங்குளத்துக்கும் இடைப்பட்ட காட்டுப் பாதையில் பேருந்தில் செல்லும் ஒருவருடைய கைபேசியில் சைகை வந்து போவதைப் போலவே, வீட்டிலிருக்கும் றவுட்டருக்கும் மழை நாளிலும் மின்வெட்டு நேரத்திலும் இணைப்பு அறுந்து அறுந்து வரும். எஸ்.எஸ்.எச். இணைப்பு அறுந்தால், அதற்குள் ஓடிக்கொண்டிருந்த கட்டளையும் பொதுவாக நின்றுவிடும். தரவுத்தளம் ஒன்றைப் புதிய பதிப்புக்கு மாற்றும் வேலை பாதியில் நின்றால் வரும் சேதம் சிறியதல்ல. இதற்கான மருந்து எஸ்.எஸ்.எச்சில் இல்லை, சேர்வருக்குள் ‘டிமக்ஸ்’ அல்லது ‘ஸ்கிரீன்’ என்ற நிரலைத் தொடங்கி, வேலையை அதற்குள் செய்ய வேண்டும். இணைப்பு அறுந்தாலும் அந்த நிரல் சேர்வரில் தொடர்ந்து ஓடும். மின்சாரம் வந்த பிறகு மீண்டும் நுழைந்து, விட்ட இடத்திலிருந்து பார்க்கலாம். நீண்ட நேரம் எடுக்கும் எந்த வேலையையும் இதற்கு வெளியே தொடங்குவதில்லை என்பதைப் பழக்கமாக்கிக்கொள்வது நல்லது.

சில வேளைகளில் இணைப்பு அறுவதற்குக் காரணம் சைகையின் குறைபாடு அல்ல. சில நிமிடங்கள் ஒன்றும் தட்டாமல் இருந்தால், வழியிலுள்ள வலையமைப்புக் கருவி அந்த இணைப்பைத் தன் அட்டவணையிலிருந்து நீக்கிவிடும். திரை உறைந்து நிற்கும். எஸ்.எஸ்.எச்சின் அமைப்புக் கோப்பில் ‘சேர்வர்-அலைவ்-இன்டர்வல்’ என்ற தெரிவுக்கு 60 என்று கொடுத்தால், நாம் சும்மா இருக்கும்போது 60 வினாடிக்கு ஒரு தடவை அது சேர்வரை நலம் விசாரித்து, இணைப்பை உயிரோடு வைத்திருக்கும். தொடர்ந்து மூன்று தடவை பதில் வராவிட்டால் தானே இணைப்பை மூடிவிடும். இன்னும் மோசமான சூழலுக்கு ‘மொஷ்’ என்ற கருவி இருக்கிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் உருவாகி 2012 இல் வெளியான அது, எஸ்.எஸ்.எச். வழியாக நுழைந்து அடையாளத்தை உறுதிசெய்த பிறகு, தொடர்ச்சியான இணைப்பு தேவைப்படாத யூ.டி.பி. என்ற அனுப்பும் முறைக்கு மாறிக்கொள்கிறது. வைபையிலிருந்து கைபேசித் தரவுக்கு மாறினாலும், மடிக்கணினியை மூடி வைத்து மறுநாள் திறந்தாலும் உரையாடல் தொடரும். தட்டும் எழுத்து சேர்வரிலிருந்து திரும்பி வரும் வரை காத்திராமல் உடனே திரையில் தெரியும். சேர்வரிலும் அதை நிறுவி, அதற்குரிய யூ.டி.பி. போர்ட்களைத் திறந்து வைக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

எதிர்த் திசையில் ஒரு தேவையும் எழுகிறது. முரசுமோட்டையிலோ முழங்காவிலிலோ வீட்டில் வைத்திருக்கும் ராஸ்பெரி பை போன்ற சிறு கணினியை, அல்லது தோட்டத்துக் கிணற்றின் நீர்மட்டத்தை அளக்கும் கருவியோடு இணைத்த கணினியை, வவுனியாவிலிருந்தோ கொழும்பிலிருந்தோ அணுக வேண்டியிருக்கலாம். கைபேசி வலையமைப்பில் இயங்கும் றவுட்டருக்கு வெளியிலிருந்து நேரே வர முடிவதில்லை. காரணம், நிறுவனங்கள் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது இணைய முகவரிக்குப் பின்னால் வைக்கின்றன. றவுட்டரின் நிலைப் பக்கத்தில் தெரியும் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், அந்த வீடு அத்தகைய பகிர்ந்த முகவரிக்குப் பின்னால் இருக்கிறது என்று முடிவு செய்யலாம். அந்தத் தொகுதி 2012 இல் இதற்கென்றே ஒதுக்கப்பட்டது. றவுட்டரில் போர்ட்டைத் திறந்து விடுவதால் அங்கு பயனில்லை.

இதற்கு எஸ்.எஸ்.எச்சின் தலைகீழ்ச் சுரங்கம் வழி காட்டுகிறது. உள்ளே வர முடியாவிட்டாலும் வெளியே போகத் தடையில்லை என்பதைப் பயன்படுத்தி, வீட்டுக் கணினியே வெளியிலுள்ள சேர்வருக்கு ஓர் இணைப்பை ஏற்படுத்திக்கொண்டு காத்திருக்கிறது. பெரிய ‘ஆர்’ தெரிவோடு, 2222, லோக்கல்ஹோஸ்ட் (வீட்டுக் கணினி தன்னையே குறிக்கும் பெயர்), 22 ஆகிய மூன்றையும் முக்காற்புள்ளிகளால் பிரித்து எழுதினால், சேர்வரின் 2222 ஆம் போர்ட்டுக்கு வருவது அனைத்தும் வீட்டுக் கணினியின் 22 ஆம் போர்ட்டுக்கு வந்து சேரும். இயல்பாக இந்தப் போர்ட் சேர்வருக்குள்ளிருந்து வருபவர்களுக்கு மட்டுமே திறந்திருக்கும். உலகம் முழுவதற்கும் அதைத் திறந்துவிடும் அமைப்பைத் தொடாமல் இருப்பதே நல்லது. கொழும்பிலிருந்து வருபவர், பெரிய ‘ஜே’ தெரிவின் மூலம் சேர்வரை ஒரு படிக்கல்லாக வைத்துத் தாண்டி வரலாம். அப்படி வரும்போது வீட்டுக் கணினியின் கைரேகை அவருடைய மடிக்கணினியிலேயே சரிபார்க்கப்படுகிறது; இடையிலுள்ள சேர்வர் மறைக்கப்பட்ட தரவைக் கடத்துகிறதே தவிர, உள்ளடக்கத்தைப் பார்ப்பதில்லை. வீட்டுக் கணினி யாருமில்லாத நேரத்திலும் தானே இணைய வேண்டியிருப்பதால், அதன் தனித் திறவுகோலுக்குக் கடவுத்தொடர் வைக்க முடியாது. ஆகவே சேர்வரில் அதன் பொதுத் திறவுகோல் பதிந்துள்ள வரியின் தொடக்கத்தில் ‘ரெஸ்ட்ரிக்ட்’ என்ற சொல்லையும், போர்ட் கடத்தலை மட்டும் அனுமதிக்கும் சொல்லையும், வேறு கட்டளை எதையும் ஓட விடாத ‘கொமாண்ட்’ தெரிவையும் சேர்த்துவிட்டு, வீட்டுக் கணினியைக் கட்டளை எதுவும் கேட்காத பெரிய ‘என்’ தெரிவோடு இணைய வைக்க வேண்டும். ஒரு நாள் அந்தச் சிறு கணினியை யாராவது கழற்றிக்கொண்டு போனாலும், சேர்வருக்குள் நுழைந்து கட்டளையிட அதிலுள்ள திறவுகோல் உதவாது. மின்சாரம் போய் வந்த பிறகு சுரங்கம் தானாக மீள எழும்ப வேண்டும். அதற்கு ‘ஓட்டோ-எஸ்எஸ்எச்’ என்ற சிறு நிரலோ, லினக்ஸில் சேவைகளைத் தொடக்கி நடத்தும் சிஸ்டம்டிக்கான ஒரு சேவைக் கோப்போ போதும்.

கோப்புகளை அனுப்புவதைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. ‘எஸ்சிபி’, ‘எஸ்எஃப்டிபி’ இரண்டும் அதே பாதுகாப்பான பாதையில் செல்கின்றன. தரவுப் பொதிக்குக் காசு கொடுத்து, அறுந்து அறுந்து வரும் இணைப்பில் பெரிய கோப்பு அனுப்புபவருக்கு ‘ஆர்சிங்க்’ கூடுதலாகப் பொருந்தும்; பகுதிக் கோப்பைத் தக்கவைக்கும் தெரிவோடு இயக்கினால், அறுந்த இடத்திலிருந்து தொடரலாம்.

சேர்வரை நடத்துபவருக்கு உள்ள கடமைகள் தனி வகை. பொது முகவரியுள்ள ஒரு சேர்வரை இயக்கி விட்டு, அதன் உள்நுழைவுப் பதிவேட்டைப் பார்த்தால், ரூட், அட்மின், டெஸ்ட், உபுண்டு என்று பெயர்களை மாற்றி மாற்றி, அறியாத முகவரிகளிலிருந்து ஓயாமல் முயற்சிகள் நடப்பதைக் காணலாம். அவை பெரும்பாலும் தானியங்கி நிரல்கள். முகவரிகளை வரிசையாகத் தட்டிக்கொண்டு போகின்றன. திறவுகோலால் நுழைய முடிகிறது என்பதை இன்னொரு சாளரத்தில் உறுதிசெய்த பின்னர், சேர்வரின் அமைப்புக் கோப்பில் கடவுச்சொல் நுழைவை முற்றாக நிறுத்திவிட்டால், அந்த முயற்சிகள் அனைத்தும் வெறும் சத்தமாகிவிடும். போர்ட் இலக்கத்தை 22 இலிருந்து வேறொன்றுக்கு மாற்றுவது பதிவேட்டை அமைதியாக்குமே தவிர, தேடி வருபவரைத் தடுக்காது. பிறருடைய சேர்வரில் இப்படி முயன்று பார்ப்பதை விளையாட்டாக நினைக்கும் மாணவர்கள், 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி அனுமதியற்ற நுழைவு இலங்கையில் குற்றம் என்பதை அறிந்திருக்க வேண்டும்.

மென்பொருளைப் புதுப்பித்து வைத்திருப்பது எவ்வளவு அவசியம் என்பதை 2024 நன்றாகக் காட்டியது. அவ்வாண்டு மார்ச் 29 அன்று, அன்ட்ரெஸ் ஃபிரொய்ன்ட் என்ற மென்பொருளாளர், எக்ஸ்இசட் என்ற, தரவைச் சுருக்கும் நிரல் நூலகத்தின் 5.6.0, 5.6.1 பதிப்புகளுக்குள் ஒரு பின்கதவு மறைத்து வைக்கப்பட்டிருப்பதை உலகுக்கு அறிவித்தார். சில லினக்ஸ் வகைகளில் எஸ்.எஸ்.எச். சேவை அந்த நூலகத்தைச் சுற்றுவழியில் ஏற்றிக்கொள்வதால், பின்கதவை வைத்தவர் திறவுகோல் இல்லாமலே உள்ளே நுழைந்திருக்க முடியும். உள்நுழைவு அரை வினாடி அளவில் தாமதமாவதைக் கவனித்து, ஏன் என்று விடாமல் துருவியதாலேயே அவர் அதைக் கண்டுபிடித்தார். நிலையான பதிப்புகளுக்குள் அது பரவலாகப் போய்ச் சேர்வதற்கு முன்பே தடுக்கப்பட்டது. அதே ஆண்டு யூலையில், ஓபன்எஸ்எஸ்எச்சின் சேர்வர் பகுதியிலேயே ‘ரெக்ரெஷன்’ என்று பெயரிடப்பட்ட பாரதூரமான ஓட்டை ஒன்றைக் குவாலிஸ் நிறுவனம் வெளிப்படுத்தியது. 2006 இல் அடைத்த பழைய ஓட்டையொன்று, 2020 இல் செய்த மாற்றத்தால் மீண்டும் திறந்துகொண்டது அது. பாதுகாப்புப் புதுப்பிப்புகள் தானாக நிறுவப்படும்படி சேர்வரை அமைத்திருந்தவர்களுக்கு இத்தகைய செய்திகள் பெரும்பாலும் செய்திகளாகவே கடந்து போகும்.

கடைசியாக, ‘ஓதரைஸ்ட் கீஸ்’ கோப்பைப் பற்றி ஒன்று. நண்பர்கள் நால்வர் சேர்ந்து ஒரு சேர்வரை நடத்தும்போது, ஒரே திறவுகோலை நால்வரும் பகிர்வது இலகுவாகத் தோன்றும். அப்படிச் செய்தால், ஒருவர் விலகும்போதோ ஒருவருடைய மடிக்கணினி தொலைந்துபோகும்போதோ நால்வரும் புதிய திறவுகோலுக்கு மாற வேண்டும். யார் எப்போது நுழைந்தார் என்பதும் பதிவேட்டில் தெரியாது. ஒவ்வொருவருக்கும், ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனித் திறவுகோல் இருக்க வேண்டும். அந்தக் கோப்பில் ஒவ்வொரு திறவுகோலும் ஒரே ஒரு வரி; வரியின் இறுதியில் குறிப்பு எழுத இடமுண்டு. அங்கே ஆளின் பெயரையும், மடிக்கணினியா கைபேசியா என்பதையும், சேர்த்த மாதத்தையும் எழுதி வைத்தால், தொலைந்த கைபேசியின் வரியை மட்டும் அழித்து, அதன் மூலம் திறந்திருக்கும் இணைப்பு ஏதாவது இருந்தால் அதையும் துண்டித்துவிட்டு, மற்ற மூவரும் வேலையைத் தொடரலாம்.